சும்மா விட்ட மூன்று முயல்கள்

எங்கள் விலங்குக் கூடத்தில் எல்லோரும் அவரைக் காதக்கா என்றுதான் கூப்பிடுவோம். காதில் ஏதோ கோளாறு போல என்று நினைத்துக்கொண்டு, புதிதாக வருகிறவர்கள் அவரிடம் சத்தமாகப் பேசுவார்கள். "மெதுவாப் பேசுங்க, முயல் பயப்படுது" என்பார். முயலின் காதிலிருந்து ரத்தம் எடுப்பவர் என்பதால் வந்த பெயர் அது. அவருடைய காதுகள் மிக நன்றாகக் கேட்கும். வரிசையாக இருபத்து நாலு கூண்டுகள் இருக்க, எந்தக் கூண்டில் தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவார்.

நான் பக்கத்து அறையில் வேலை பார்த்தேன். அவர் எடுத்துத் தரும் ரத்தத்தைச் சுழலவிட்டு, சிவப்பு அடியில் தங்கியபின் மேலே தெளியும் சீரத்தைப் பிரித்துச் சோதிப்பது என் வேலை. அதனால் அவர் கையின் அருமை என்னைவிட வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. மிரண்ட முயலிடமிருந்து இழுத்துப் பிடித்து எடுத்த ரத்தம் டியூபுக்குள்ளேயே உடைந்துபோகும், சீரம் சாயத் தண்ணீர் மாதிரி சிவந்து நிற்கும். காதக்கா எடுத்த ரத்தத்தில் சீரம் வைக்கோல் நிறத்தில், பளிங்குபோல் இருக்கும். ஆறு வருஷத்தில் அவர் கொடுத்த டியூப்களில் நான் தூக்கிப் போட்டது நாலோ ஐந்தோதான்.

அவர் கூண்டு கழுவத்தான் முதலில் வேலைக்கு வந்தார். அதற்கு முன் ஏழு வருஷம் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போட்டவர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். அப்போது ரத்தம் எடுக்க இருந்தவர் ஒரு முரட்டு ஆள். முயலை மரப்பெட்டிக்குள் திணித்து, தலையை மட்டும் வெளியே இழுத்து வைத்துக் குத்துவார். ஒருநாள் ஒரு முயல் பின்காலால் உதறியதில் அவர் முன்கை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கிழிந்தது. மருந்து போட அவர் ஓடியபோது, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு இந்த அம்மாள் முயலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் காதை வைத்துச் சூடேற்றினார். காதோரத்தில் நூல்போல் ஒளிந்திருந்த நரம்பு மெல்லப் புடைத்து எழுந்தது.

"இப்போ குத்துங்க, தெரியுது பாருங்க" என்றார்.

குத்த ஆளில்லை. ஊசியை நான் எடுத்துக் கொடுத்தேன். அவரே குத்தினார். முயல் கண்ணை மூடிக்கொண்டு பல்லை மெல்ல அரைத்தது. அது வலியில் அரைப்பதில்லை, சுகத்தில் அரைப்பது என்று பின்னால் அவர்தான் எனக்குச் சொன்னார்.

இதையெல்லாம் சொல்வது, அவர் செய்த ஒரு தவறைச் சொல்வதற்காக.

எங்கள் தலைவி ஓர் அறுவை மருத்துவர். டாக்டரம்மா என்போம். உடம்புக்குள் கெட்டுப்போன சதையை வெட்டி எடுக்காமல், கடுங்குளிரால் உறைய வைத்து அங்கேயே சாகடிக்கும் சிகிச்சையை அவர் செய்துவந்தார். அதிலிருந்து அவருக்கு ஒரு கேள்வி முளைத்திருந்தது. உறைந்து செத்த சதை உடம்புக்குள்ளேயே கிடந்து கரைகிறது. அப்படிக் கரையும்போது உடம்பு அதை வேற்றாளாக நினைத்துக்கொண்டால்? கிருமியை எதிர்க்க ரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாக்குவதுபோல, தன் சதைக்கு எதிராகவே உண்டாக்கினால்?

இதைப் பார்க்க இருபத்து நாலு ஆண் முயல்கள் வந்தன. சிறுநீர்ப்பைக்கு அடியில் இருக்கும் ஒரு சின்னச் சுரப்பிதான் குறி. பதினாறு முயல்களை மயக்கி, வயிற்றைத் திறந்து, திரவ நைட்ரஜன் ஓடும் ஓர் உலோகக் கம்பியை அந்தச் சுரப்பிமேல் வைத்து உறைய வைப்பார்கள். மீதி எட்டுக்கும் மயக்கம், கத்தி, தையல் எல்லாம் உண்டு. கம்பியும் வைக்கப்படும். ஆனால் குளிர் இருக்காது. குளிரால்தான் எதுவும் நடக்கிறது என்று காட்ட இந்த எட்டு. நாங்கள் அவற்றைச் 'சும்மா முயல்கள்' என்போம்.

எண் போட்ட முயல்களுக்குக் காதக்கா உறவுமுறை வைத்திருந்தார். ஏழாம் எண் கொழுந்தன், பதினைந்தாம் எண் மச்சான். பன்னிரண்டு ஒரு கொழுத்த சாம்பல் முயல், யார் வந்தாலும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரும். அது மாமனார். "மாமனாருக்கு ரத்தம் எடுத்தாச்சு, இன்னிக்குக் கோவமே படல" என்று டியூபை நீட்டுவார். வெளியூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் இதைக் கேட்டுவிட்டு, "இங்க மனுஷங்களுக்கும் சோதனை பண்றீங்களா?" என்று கவலையோடு விசாரித்தார்.

எட்டு வாரம் ஓடியது. அறுவைக்கு முன் ஒருமுறை, பிறகு வாரம் ஒருமுறை ரத்தம். எந்த எண் எந்தக் கூட்டம் என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். சீரத்தைக் குழித்தட்டில் ஊற்றி, அந்தச் சுரப்பியின் சாறு பூசிய ரத்த அணுக்களைச் சேர்ப்பேன். எதிர்ப்பொருள் இல்லையென்றால் அணுக்கள் உருண்டு இறங்கிக் குழியின் நடுவில் மிளகுபோல் குவியும். இருந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அடி முழுக்கப் பாய் விரித்ததுபோல் பரவும். மிளகா, பாயா என்று எழுதுவதுதான் என் கணக்கு.

கடைசியில் முயல்களை மயக்கத்திலேயே முடித்துச் சுரப்பிகளை எடுக்கும் நாள் வந்தது. அன்று காதக்காதான் ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டார். வேறு யாரையும் விடவில்லை. "பழக்கமான கையில போகட்டும்" என்றார். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை.

பட்டியலைப் பிரித்தோம். உறைய வைத்த பதினாறில் பதின்மூன்றுக்குப் பாய். டாக்டரம்மா மேசையைத் தட்டிச் சிரித்தார். பிறகு பட்டியலின் கீழ்ப்பாதிக்கு வந்தார். சும்மா முயல்கள் எட்டில் ஐந்துக்கு மிளகு. மூன்றுக்கு, மெல்லியதுதான் என்றாலும், பாய்.

"எப்படி? இதுங்களுக்குத்தான் ஒண்ணுமே பண்ணலையே!"

நான் மறுபடி சோதித்தேன். அதே மூன்று. இன்னொரு முறை செய்தேன். அதேதான்: ஏழு, பன்னிரண்டு, பதினைந்து.

கட்டுரையை அனுப்ப இரண்டு வாரம்தான் இருந்தது. நான்தான் வாயைத் திறந்தேன், அதை இன்றும் மறைக்க விரும்பவில்லை.

"இந்த மூணுக்கும் முன்னாடியே ஏதோ நோய் இருந்திருக்கும்மா. அதுங்களைக் கணக்குலேர்ந்து எடுத்துட்டா எல்லாம் சுத்தமா வந்துடும்."

டாக்டரம்மா யோசித்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவரில்லை அவர். ஆனாலும் ஏற்பாடு முதல் முடிவுவரை எட்டு மாத உழைப்பு, யாருக்குத்தான் ஆசை இருக்காது? "இருக்கலாம்" என்றார்.

தட்டுகளை எடுத்துப்போக வந்திருந்த காதக்கா வாசலிலேயே நின்றார். "தம்பி, அறுக்கறதுக்கு முன்னாடி எடுத்த ரத்தம் சுத்தமா இருந்துச்சே. நீங்கதான எழுதினீங்க? மாமனார் மேல பழி போடாதீங்க, குடும்பத்துக்கு ஆகாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டரம்மாவுக்கு வரவில்லை. "நீ போய் வேலையைப் பாரும்மா" என்றார்.

அவர் போய் வேலையைத்தான் பார்த்தார். ஒவ்வொரு கூண்டிலும் ஓர் அட்டை தொங்கும். எண்ணும் எடையும் எழுதினால் போதும். காதக்கா மட்டும் பென்சிலால் பொடி எழுத்தில் எல்லாவற்றையும் எழுதுவார். எத்தனை மணிக்கு மயக்கம், எத்தனை மணிக்குக் கம்பி வைத்தது, எப்போது கண் திறந்தது, முதலில் தின்றது எப்போது என்று எல்லாம். யாரும் கேட்டதில்லை. அந்த இருபத்து நாலு அட்டைகளையும் தீவன மூட்டைகள் அடுக்கிய அறையில், தரையில் பரப்பி வைத்துக்கொண்டு இரண்டு நாள் மத்தியான இடைவேளையில் உட்கார்ந்திருந்தார். முயல்களை எண் வரிசையில் அடுக்காமல், அறுத்த வரிசையில் அடுக்கினார்.

மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, தப்பு எம்மேலதான்."

அறுவை நாட்களில் கம்பியைத் துடைத்து டாக்டரம்மா கையில் கொடுப்பது அவர் பொறுப்பு. எங்களிடம் இருந்தது ஒரே கம்பி. உறைய வைத்த முயலுக்குப் பின் சும்மா முயல் வந்தால், கம்பியை அரைமணி நேரம் ஆறவிட்டுத்தான் தர வேண்டும். சும்மா முயல்களில் ஐந்து, காலையில் முதல் ஆளாக மேசை ஏறியவை. மற்ற மூன்றும் வெவ்வேறு நாளில், உறைய வைத்த முயலுக்கு அடுத்தபடியாக ஏறியவை. இடையில் எட்டு நிமிஷம், ஆறு நிமிஷம், பத்து நிமிஷம்.

"அன்னிக்கெல்லாம் ஒரே அவசரம். கம்பி மேல வெள்ளையாப் பனி படிஞ்சிருக்குமில்ல, அதை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன். வெள்ளை போச்சு. வெள்ளை போனா குளிரும் போச்சுன்னு நெனச்சுக் கொடுத்துட்டேன். ஏழு வருஷம் இஸ்திரி போட்டவ தம்பி நான். ப்ளக்கைப் புடுங்கின அப்புறமும் பெட்டியில ரெண்டு சட்டைக்குச் சூடு இருக்கும்னு எனக்குத் தெரியாதா? சூடு தங்கும்னு தெரிஞ்சவளுக்குக் குளிரும் தங்கும்னு புத்தியில ஏறலையே!"

அந்த மாதம்தான் அவரை நிரந்தரமாக்கும் காகிதம் டாக்டரம்மாவின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. ஆறு வருஷமாகத் தற்காலிகம். அது எனக்குத் தெரியும்.

"அக்கா, இதை வெளியில சொல்லாதீங்க. யாருக்கும் தெரியப் போறதில்ல. மூணு முயலை விட்டுட்டு அவங்க எழுதிடப் போறாங்க. நீங்க எதுக்கு வாயக் குடுத்து மாட்டிக்கணும்?"

"அதுங்களைச் சும்மா விட்டோம்னு எழுதுவாங்களா?"

"அதுங்களைப் பத்தியே எழுத மாட்டாங்க."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமில்லை. ரத்தம் எடுக்குமுன் முயலின் காதைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. "அந்த அம்மா இதை வச்சு நாளைக்கு மனுஷங்களுக்கு வைத்தியம் பண்ணுவாங்க தம்பி" என்றார். சாப்பாட்டுப் பெட்டியை மூடி என் மேசையிலேயே வைத்துவிட்டு மாடிப்படி ஏறினார். நான் பின்னாலேயே போனேன்.

டாக்டரம்மா முழுவதும் கேட்டார். முடிந்ததும் வெடித்தார்.

"துடைச்சுக் கொடுத்தியா? துடைச்சா? எட்டு மாசம்! ஒரு கம்பியை ஆற வைக்கத் தெரியாதா உனக்கு?"

"தெரியும்மா. தெரிஞ்சும் செய்யல. அதான் சொல்ல வந்தேன்." நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. "நான் சொல்றதை அப்படியே நம்பாதீங்க. கம்பியைக் குளிர வச்சுத் துடைச்சு, எவ்ளோ நேரம் குளிர் இருக்குன்னு அளந்து பாத்துடலாம்."

அளந்தோம். வெப்பம் காட்டும் மெல்லிய இழையைக் குளிர்ந்த கம்பியின் நுனியில் கட்டி, அவர் துடைத்த மாதிரியே துடைத்து, நான் கடிகாரத்தைப் பார்த்து வாசித்தேன். ஆறாவது நிமிஷம் உறைநிலைக்கு முப்பது டிகிரி கீழே. பத்தாவது நிமிஷம் பதினான்கு கீழே. வெள்ளை துளிகூட இல்லை. பார்த்தால் சாதாரணக் கம்பி.

சதையை மெலிதாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டுகிறவர், அந்த மூன்று முயல்களின் சுரப்பியையும் இந்தமுறை ஓரத்திலிருந்து ஓரம்வரை சீவினார். மூன்றிலும், கம்பி தொட்ட இடத்தில் கடுகளவு வடு. மற்ற ஐந்து சும்மா முயல்களையும் அப்படியே பார்த்தார், அவற்றில் இல்லை.

டாக்டரம்மா நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்க வெகுநேரமாயிற்று. "கட்டுரை போகாது" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் முதல் காதக்கா அறுவை அறைக்குள் வரவேண்டாம் என்று உத்தரவு. மறுபடி கூண்டு கழுவும் வேலை. நிரந்தரக் காகிதம் மேசையிலிருந்து இழுப்பறைக்குள் போயிற்று. அவர் முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு தட்டுகளைச் சுரண்டினார். அப்போது இருந்த மற்ற முயல்களுக்கு ரத்தம் எடுக்க ஒரு புது ஆள் வந்தார். எனக்கு வந்த டியூப்கள் ஒவ்வொன்றும் சிவந்து கிடந்தன.

அந்த நாட்களில் ஒருமுறை அவருடைய கணவரைத் தெருவில் பார்த்தேன். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். வேனை ஓரம் கட்டிவிட்டுப் பேசினார்.

"சொல்றதுக்கு முந்தின நாளே எங்கிட்ட கேட்டா. 'என்னங்க, வேலை போனாலும் போயிடும், சொல்லவா?'ன்னு. நான் சொன்னேன், 'வீட்டுல குழம்புல உப்பு தூக்கலாப் போயிட்டா இன்னிவரைக்கும் நீ ஒத்துக்கிட்டது இல்ல. ஒரு தடவையாவது தப்பு ஒத்துக்கறதைப் பாக்கறேன், போய்ச் சொல்லு'ன்னேன்." சிரித்தவர், சட்டென்று நிறுத்திக்கொண்டார். "தூங்கல தம்பி அவ. வேலைக்காக இல்ல. அந்த மூணு முயலும் வீணாப் போச்சேன்னு."

வீணாகப் போகவில்லை. அதைக் கண்டுகொள்ள டாக்டரம்மாவுக்கு ஒரு மாதம் பிடித்தது. ஒருநாள் காலை அவரே விலங்குக் கூடத்துக்கு இறங்கி வந்தார். அதற்குமுன் அவர் அங்கே வந்து நான் பார்த்ததில்லை. காதக்கா கைகளைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"மூணு நாளும் சீக்கிரம் சீக்கிரம்னு விரட்டினது யாரு?" என்று கேட்டார் டாக்டரம்மா.

காதக்கா கை துடைத்த துணியை மடித்தார்.

"நான்தான். நோயாளி காத்துக்கிட்டு இருக்காங்கன்னு ரெண்டு நாள். ஒருநாள் ரயில் பிடிக்கணும்னு. நீங்க அதைச் சொல்லவே இல்ல."

"கம்பி எங்கையில இருந்துச்சும்மா. உங்க கையில இல்லையே."

டாக்டரம்மா கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளியின்மேல் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய மனுஷி வாளிமேல் உட்கார்ந்ததை இன்றும் நினைத்தால் வியப்பாக இருக்கிறது. "கடுகளவு உறைஞ்சதுக்கே உடம்பு எதிர்த்து நிக்குதுன்னா, எவ்ளோ உறைஞ்சா எவ்ளோ எதிர்க்கும்? அதைத்தான் நான் முதல்லயே கேட்டிருக்கணும். புதுசா ஆரம்பிக்கிறேன். மூணு கம்பி வாங்கச் சொல்லியிருக்கேன், சும்மா முயலுக்குன்னே தனியா ஒண்ணு. ஆனா அந்தப் புது ஆள் எடுக்கிற ரத்தத்தை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க வரணும்."

அதுவரை அவரை 'நீ' என்றுதான் டாக்டரம்மா சொல்லிவந்தார். அன்றிலிருந்து 'நீங்க'. இதைக் காதக்கா கவனித்தாரா என்று தெரியாது. நான் கவனித்தேன்.

இரண்டாவது சோதனை பதினான்கு மாதம் நடந்தது. கடுகளவு, பட்டாணியளவு, சுரப்பி முழுக்க என்று மூன்று அளவில் உறைய வைத்தோம். சிலவற்றுக்கு ஒருமுறை, சிலவற்றுக்குச் சில வாரம் கழித்து இன்னொரு முறை. கடுகளவு உறைந்தவற்றுக்கு எதிர்ப்பொருள் மெல்ல எழுந்து மெல்ல அடங்கியது. ஆனால் அதே முயலை இரண்டாம் முறை உறைய வைத்தபோது, முதலில் பட்டதை உடம்பு மறக்காமல் வைத்திருந்ததுபோல் நாலே நாளில் பாய் விரிந்தது. தனிக் கம்பி வைத்த சும்மா முயல்கள் அத்தனைக்கும் மிளகு. ஒன்றுகூடத் தவறவில்லை.

நிரந்தரக் காகிதம் ஒரு வருஷம் தாமதமாகக் கையெழுத்தானது. அதற்கு அவர் இனிப்பு கொடுத்தது எனக்கு மட்டுமல்ல, கூண்டுகளுக்கும் ஆளுக்கொரு துண்டு காரட் போனது.

கட்டுரை அச்சாகி வந்ததும் என்னைப் படித்துக் காட்டச் சொன்னார். பெயர்கள் வரிசையில் அவர் பெயர் கடைசியாக இருந்தது. அவர் அதைத் தாண்டிப் போகச் சொன்னார்.

"முதல் தடவை தப்பு நடந்துச்சே, அது இருக்கா?"

இருந்தது. நாலு வரி. போதிய அளவு ஆறாத கம்பியால் மூன்று முயல்கள் சிறிதளவு உறைந்ததும், அதை விலங்குக் கூடப் பணியாளர் தம் குறிப்புகளிலிருந்து கண்டுபிடித்துத் தெரிவித்ததும். தமிழில் சொல்லிக் காட்டினேன்.

"எண்ணும் போட்டிருக்கா?"

"ஏழு, பன்னிரண்டு, பதினஞ்சு."

"சரி" என்றார். அவ்வளவுதான். புத்தகத்தை வாங்கி, அந்தப் பக்கத்தில் ஒரு நிமிஷம் விரலை வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு என் அறை மேசையில் டாக்டரம்மா ஒரு தடித்த நோட்டைக் கொண்டுவந்து வைத்தார். யார் என்ன தவறு செய்தாலும் அன்றைக்கே அதில் எழுத வேண்டும், எழுதினால் தண்டனை கிடையாது என்றார். வாரக்கணக்கில் அது வெள்ளையாகவே கிடந்தது. பிறகு ஒருநாள் திறந்தேன். முதல் பக்கத்தில் காதக்காவின் பொடிப் பென்சில் எழுத்து: ஒன்பதாம் கூண்டுத் தண்ணீர்க் குழாய் அடைத்திருந்தது, காலையில் கவனிக்கவில்லை, பதினொரு மணிக்குச் சரி செய்தேன்.

அடுத்த வருஷம் நான் டியூப் அடுக்கிய இரண்டு ரேக்குகளை மாற்றி வைத்து நாற்பது சீரத்தைக் குழப்பிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. முன்பு மூன்று முயல்களைக் கணக்கிலிருந்து எடுக்கச் சொன்ன அதே நாக்கு, 'விடு, யாருக்குத் தெரியப் போகுது' என்று எனக்கே சொன்னது. அரைமணி நேரம் அந்த ரேக்குகள் முன்னாலேயே நின்றேன். பிறகு நோட்டை எடுத்து எழுதினேன். எழுதிவிட்டு விலங்குக் கூடத்துக்குப் போய், நாற்பது ரத்தமும் திரும்ப வேண்டும் என்று சொல்ல நாக்கு கூசிக்கொண்டு நின்றேன்.

காதக்கா ஒரு முயலை மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நாற்பதா? சரி. நாளைக்கு இருபது, நாளன்னிக்கு இருபது. ஒரே நாள்ல கேட்காதீங்க, எனக்குப் பரவால்ல, இதுங்களுக்குக் காது வலிக்கும்."